நடுவில் போட்ட கதிரை

கொழும்பில் எங்களுக்குப் பயிற்சி தந்த மனிதர் உட்காரும் கதிரைகளைப் பற்றி மட்டும் ஒரு முழுநாள் பேசினார். ஆலோசகரின் கதிரையும் வந்தவரின் கதிரையும் நேருக்கு நேர் இருக்கக்கூடாது, சற்றுச் சரிந்திருக்க வேண்டும். இடையில் மேசை கூடாது. தூரம் ஏறக்குறைய ஒன்றரைக் கை. அதைவிடக் கிட்டப் போனால் வந்தவருக்கு மூச்சு முட்டும், எட்டப் போனால் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைப்பார். யாருடைய கை என்று நான் எழும்பிக் கேட்டேன். அந்தக் குளிரூட்டிய மண்டபத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. சராசரிக் கை என்றார்.

அந்தச் சராசரிக் கையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு நான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன்.

எங்கள் நிலையம் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. முன்னுக்கு விறாந்தை, உள்ளே ஒரு அறை, பின்னுக்குக் குசினி. ‘உளவளத்துணை நிலையம்’ என்று வாசலில் பலகை தொங்கியது. அவ்வளவு நீளச் சொல்லைச் சொல்லி முடிக்கச் சந்தைக்காரருக்கு எங்கே நேரம்? வழி கேட்டு வருகிறவர்களிடம், “உந்த விசர்க் கந்தோரோ? வெங்காயக் கடைக்குப் பக்கத்து ஒழுங்கையாலை போங்கோ” என்று சத்தமாகச் சொல்லிக் கையும் காட்டிவிடுவார்கள். பைத்தியக்கார அலுவலகம் என்று ஊரறியச் சொன்னபின் பாதிப்பேர் அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருப்பார்கள். மிச்சப்பேர்தான் என்னிடம் வந்து சேர்ந்தவர்கள். எல்லாம் துணிந்த கட்டைகள்.

கொழும்பில் சொன்னபடியே இரண்டு கதிரைகளைச் சரித்து, என் கையால் அளந்து, நடு அறையில் போட்டு வைத்தேன். முதலாவதாக வந்தவர் நடுத்தர வயது மனிதர். உள்ளே வந்தார், வணக்கம் சொன்னார், தன் கதிரையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோடு போட்டு இருந்தார். ‘நெருக்கத்தில் அச்சம்’ என்று குறித்துக்கொண்டேன். அடுத்ததாக வந்த பெண்ணும் கதிரையைச் சுவரோடு கொண்டுபோனாள். அவளுக்கும் நெருக்கத்தில் அச்சம். மூன்றாவது ஆளுக்கும் அதையே எழுதப் போன இடத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. அட கடவுளே, எங்கள் வீடுகளில் கதிரை எங்கே இருக்கிறது? சுவரோடுதானே! கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் நாலு சுவரோடும் கதிரை, நடுவில் வெறும் நிலம். நடு அறையில் கதிரை போட்டு ஒருவரை இருத்துவது தலைமயிர் வெட்டத்தான். வந்த சனம் என்ன நினைத்து நடுங்கியிருக்கும்!

சித்திரை வெயில் தொடங்கியதும் சுவர்க் கணக்கும் போயிற்று. எல்லோரும் கதிரையைத் தூக்கி ஃபேனுக்குக் கீழே போட்டார்கள். நானும்தான். முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்துகொண்டு, தன் புருஷனின் குடியைப் பற்றி ஒரு பெண் சொல்வதைக் கேட்டேன். பருத்தித்துறையில் இருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தார். அழுது முடிந்ததும் என் சேலைத் தலைப்பிலேயே முகத்தைத் துடைத்துவிட்டு, “இப்பதான் பிள்ளை எனக்கு நெஞ்சு லேசாக் கிடக்கு” என்று எழும்பிப் போனார். கொழும்புக் கணக்கின்படி அன்று நான் செய்தது முழுப் பிழை. அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை, நல்ல காலம்.

இப்படிக் கொஞ்சக் காலம் போய், தூரத்தைப் பற்றி இனி எனக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை என்று நான் நினைத்திருந்த நேரத்தில்தான் அந்த மூன்று பேரும் வந்தார்கள்.

மகள்தான் முதலில் தொலைபேசி எடுத்தாள். முப்பது வயதிருக்கும், பக்கத்து ஊர் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள். “அம்மாவும் அப்பாவும் கதைக்கிறேல்லை, மிஸ்” என்றாள். கொஞ்ச நாளாகவோ என்று கேட்டேன். “இல்லை, பத்துப் பன்னிரண்டு வருஷமா. எனக்குக் கனடா விசா வந்திட்டுது. அவர் அங்கை, நான் வாற மாசம் போகவேணும். நான் போனால் இவை ரெண்டு பேருக்கும் நடுவிலை ஆர் நிக்கிறது?” என்றாள்.

அவர் என்றது மாப்பிள்ளையை. இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று கிழமை லீவில் வந்து, கலியாண எழுத்தை முடித்துக்கொண்டு திரும்பிப் போனவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். விசா வந்துவிட்டது. வயது போன இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வீட்டில் எப்படி இருப்பது? ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலும் மற்றவரைக் கூப்பிட மாட்டாரே! எனக்குக் கேட்கவே பதைத்தது. வரச் சொன்னேன்.

கதை பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு கலியாணம். தாயின் தம்பி தன் மகனின் கலியாணத்தைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். வீடு தேடி வந்து சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அது லேசான குற்றமா? “போனிலை சொன்னால் அது அறிவித்தல், அழைப்பில்லை” என்று தகப்பன் போக மறுத்துவிட்டார். தாய், சொந்தத் தம்பி வீட்டுக் கலியாணம், கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு தனியப் போய்விட்டு, பலகாரப் பையோடு திரும்பி வந்தார். தகப்பன் பலகாரத்தைத் தொடவில்லை. தாய் சாப்பிடுங்கோ என்று இரண்டாம் தரம் சொல்லவில்லை. அவ்வளவும்தான். அதோடு கதையில்லை.

கதையில்லை என்பதும் எங்களுக்குள் ஒரு உறவுமுறைதான், அதற்கும் ஒழுங்கு உண்டு. தாய் சமைப்பார், தகப்பன் சாப்பிடுவார். அவருடைய வேட்டியைத் தாய்தான் தோய்ப்பார். தாயின் பிறஷர்க் குளிசை முடிகிறதென்றால் முதல் நாளே வாங்கி வந்து மேசையில் வைப்பவர் தகப்பன்தான். கோயிலுக்கு ஒரே ஓட்டோவில் போய் வருவார்கள். வாய் மட்டும் திறப்பதில்லை. மகள் வீட்டில் இல்லாத நேரம் சாடைப் பேச்சு. “சில ஆக்களுக்குச் சாப்பாடு மூடிக் கிடக்கு” என்று தாய் குசினிச் சுவருக்குச் சொல்வார். “சில ஆக்கள் உப்புப் போட மறந்திட்டினம்” என்று தகப்பன் சாப்பாட்டுக் கோப்பைக்குச் சொல்வார்.

முதல் நாள் தகப்பன் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சேட்டுமாக வந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “மேசை எங்கை?” என்றார்.

“மேசை இல்லை ஐயா. எங்களுக்கு இடையிலை ஒண்டும் இருக்கக்கூடாது.”

“மேசை இல்லாமல் இதென்ன கந்தோர்?”

தாய் நிலத்தைப் பார்த்தபடி மகளிடம் சொன்னார்: “ஆயுள் முழுக்க மேசைக்குப் பின்னாலை ஒளிச்சிருந்தவருக்கு அது இல்லாட்டி இருப்புக் கொள்ளாது எண்டு சொல்லு.”

இனி வெடிக்கும் என்று நான் நினைத்தேன். மகள் தகப்பன் பக்கம் திரும்பி, “அம்மா உங்களை இருக்கட்டாம் அப்பா” என்றாள். தகப்பன் தலையாட்டிவிட்டு இருந்தார்.

ஒரு கை தூரத்தில் இருந்த மனிதருக்குத் தாய் சொன்னது கேட்காமலா போனது? நன்றாகக் கேட்டது. ஆனால் மகள் வாயால் வந்ததுதான் அவருக்குக் கணக்கு. மூன்று கதிரைகளையும் அவளே சுவரோடு வரிசையாகப் போட்டு, நடுக்கதிரையில் இருந்தாள். இந்தப் பக்கம் வருகிற முள்ளை அந்தப் பக்கம் போகுமுன் எடுத்துவிடுவாள். தகப்பன், “உவவுக்குத் தன்ரை தம்பியைவிட ஆர் பெரிசு எண்டு கேள்” என்றார். அவள் தாயிடம், “மாமா சுகமோ எண்டு கேக்கிறார்” என்றாள். தாய், “கேக்க வெக்கமில்லையோ எண்டு கேள்” என்றார். “சுகமாம் அப்பா” என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்தேன். இத்தனை வருஷமும் இந்த இரண்டு பேரும் மகள் திருத்தித் தந்த புருஷனோடும் மகள் திருத்தித் தந்த பெண்சாதியோடும் சந்தோஷமாகத்தான் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

நடுக்கதிரையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எனக்குப் பட்டது. வெளிக்கிடும்போது மகளிடம் அதைச் சொன்னேன். அவள் கையில் இருந்த போன் அடித்தது, வாட்ஸ்அப் வீடியோ. மாப்பிள்ளை. அவள் எடுக்கவில்லை. அடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “சரிவருமோ, மிஸ்?” என்று கேட்டாள்.

“கட்டாயம் சரிவரும், பிள்ளை. நீங்கள் பயப்பிடாதேங்கோ.”

“ம்” என்றாள்.

அடுத்த கிழமை மகளை விறாந்தையில் இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பேரையும் மட்டும் உள்ளே எடுத்தேன். இரண்டு கதிரை, எதிரே நான். ஒன்றரைக் கை. ஃபேன் சுற்றுகிறது. ஒருவரும் பேசவில்லை. மௌனத்தைக் குழப்பாதே என்றும் கொழும்பில் சொல்லியிருந்தார்கள், நானும் குழப்பவில்லை. கடைசியில் தகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மிஸ், கிணத்து மோட்டரை நிப்பாட்டினவவோ எண்டு கேளுங்கோ.”

“அவ உதிலைதானே ஐயா இருக்கிறா. நீங்களே கேளுங்கோவன்.”

“நான் அவவோடை கதைக்கிறேல்லை” என்றார். வெற்றிலை போடுவதில்லை என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

மோட்டர் ஓடிக்கொண்டிருந்தால் எரிந்துபோகுமே என்ற பதற்றத்தில் நான் தாய் பக்கம் திரும்பி, “நிப்பாட்டினனீங்களோ அம்மா?” என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியோடு என் படிப்பு அம்போ. அரை மணித்தியாலத்தில் நான் அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டேன். அதுவும் மோசமான பிள்ளை. முள் எடுக்கத் தெரியாது எனக்கு. “உங்களுக்கு வெக்கமில்லையோ எண்டு கேக்கிறா” என்று அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். தகப்பனின் காது சிவந்தது. கொஞ்சம் எட்ட இருந்தால் என்னைத் தூது விடமாட்டார்கள் என்று கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். அவர்கள் குரலைக் கூட்டினார்கள். இன்னும் இழுத்தேன். இன்னும் கூட்டினார்கள். முடிவில் நான் கதவு நிலையில் இருந்தேன், “உவவின்ரை தம்பி ஒரு பிசினாறி எண்டு சொல்லுங்கோ!” என்று தகப்பன் அங்கிருந்து கத்தினார். ஒழுங்கையில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இரகசியம் காப்போம் என்று உள்ளே சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இந்த வயதில் இரண்டு பேருக்கும் இது தேவையா? அங்கே அந்தப் பிள்ளை டிக்கெட்டும் கையுமாகத் தவித்துக்கொண்டு நிற்கிறாள்.

மூன்றாம் முறை வந்தபோது நான் கதிரையை எங்கே போடுவதென்றே யோசிக்கவில்லை. வேர்த்துக் கொட்டியது. இரண்டு பேரும் வந்து இருந்தார்கள். தகப்பன் தொண்டையைச் செருமினார். “மிஸ், அவவிட்டை...” என்று தொடங்கினார். நான் எழும்பிவிட்டேன்.

“தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்” என்று சொல்லிக் குசினிக்குப் போனேன். கேத்திலை எடுத்துக் கையில் பிடித்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. அந்த அறைக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கத்தால் சுற்றிக்கொண்டு முன் விறாந்தைக்கு வந்தேன். மகள் படியில் இருந்தாள். நானும் தூணோடு சாய்ந்து நின்றேன். ஃபேன் நின்றுவிட்டதால் அறைக்குள்ளே மூச்சு விடுவதும் வெளியில் கேட்டது.

பிறகு தகப்பனின் குரல்.

“எங்கை போட்டுது உந்த மனிசி?”

யாரைப் பார்த்துக் கேட்கிறார்? சுவரையா?

“ஆருக்குத் தெரியும்” என்றது தாயின் குரல். “தேத்தண்ணிக்கு மாடு கறக்கப் போட்டுதாக்கும்.”

தகப்பன் சிரித்தார். இருமல் மாதிரித் தொடங்கி, நிற்காமல் போன சிரிப்பு. “கதிரையோடை பின்னுக்குப் பின்னுக்குப் போச்சே போன கிழமை, பாத்தனீரே? உதுக்கு ஏதோ வருத்தம்.”

“பாவம், படிச்ச பிள்ளை. கலியாணம் கட்டினதோ தெரியேல்லை.”

“கட்டியிருந்தால் உந்த வேலைக்கு ஏன் வருகுது?”

என்னை உரித்துத் தொங்கவிட்டார்கள். என் சேலை, என் எழுத்து, நான் தலையாட்டும் விதம், ஒன்றும் மிச்சமில்லை. எனக்குக் கண்கலங்கிவிட்டது. அவமானத்தில் அல்ல, சந்தோஷத்தில். பன்னிரண்டு வருஷம் பேசாத சனம் பேசுகிறது! பிறகு குரல் தணிந்தது. “இஞ்சரும், உமக்கு வேர்க்குதே?” என்று தகப்பன் கேட்டார். “இந்தாங்கோ, உந்தப் பேப்பரை எடுத்து நீங்கள் விசுறுங்கோ, உங்கடை சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சு” என்றார் தாய். எந்தக் கொழும்புக்காரன் இதைச் செய்திருப்பான்? ஆலோசகர் எழும்பி வெளியில் போக வேண்டிய தூரத்தை எவனாவது அளந்து சொன்னானா? நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

“கேட்டியளே, பிள்ளை? கதைக்கினம்!” என்று மகளின் காதோடு சொன்னேன்.

“ஓம், மிஸ்.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்திலும் அழுகை வரும்தானே.

“இனி நீங்கள் ஒரு கவலையுமில்லாமல் வெளிக்கிடலாம்” என்றேன்.

“ஓம்” என்றாள். சட்டைக் கரையால் கண்ணைத் துடைத்தாள். “இனி நான் என்னத்தைச் சொல்லி நிக்கிறது?”

“எங்கை நிக்கிறது?”

“இஞ்சைதான், மிஸ்.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் அறைக் கதவைப் பார்த்தபடி, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள். “அம்மாவும் அப்பாவும் கதைக்கிறேல்லை, இவையளை விட்டிட்டு வரேலாது எண்டு அவரிட்டைச் சொன்னனான். அதுக்கு அவர், உங்கை ஆலோசனை குடுக்கிற இடம் இருக்கும், கூட்டிக்கொண்டு போ எண்டார். கனடாவிலை எல்லாரும் போறவையாம். இவை ஒரு நாளும் கதைக்க மாட்டினம் எண்டு நினைச்சுத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

நான் படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

“பிள்ளைக்குப் போக விருப்பமில்லையோ?”

“விருப்பமோ எண்டு ஆரும் கேக்கேல்லை, மிஸ். விசா எப்ப வரும் எண்டுதான் கேட்டவை.” செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு, “அவர் கூடாத ஆளில்லை” என்றாள். “மூண்டு கிழமை கண்ட ஆள். ஒவ்வொரு நாளும் போனிலை நான் சாப்பிட்டாச்சோ எண்டு கேப்பார். நானும் ஓம் எண்டுவன். அதுக்கு மேலை எனக்கு அவரோடை கதைக்க ஒண்டும் வருகுதில்லை. இஞ்சை இவ்வளவு காலமும் நான் மற்றாக்களின்ரை கதையைத்தானே கதைச்சனான்.”

அதற்குள் அறைக்கதவு திறந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே வெளியில் வந்தார்கள். தாயின் கைப்பையைத் தகப்பன் பிடித்திருந்தார். தாய் அவருடைய சேட்டுக் காலரை இழுத்து நேராக்கிவிட்டார்.

“மிஸ், தேத்தண்ணி வேண்டாம். நாங்கள் போட்டு வாறம்” என்றார் தகப்பன். அவருடைய முகம் பத்து வயது குறைந்து கிடந்தது. மகள் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நானும் அம்மாவும் கதைச்சிட்டம். இனி நீ எங்களைப் பற்றி ஒண்டுக்கும் யோசியாதை. நீ போ.”

“ஓம் பிள்ளை” என்றார் தாய். “அப்பாவை நான் பாப்பன். நீ சந்தோஷமாப் போட்டு வா.”

மகள் எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டாள். “ஓம் அப்பா” என்றாள். “ஓம் அம்மா” என்றாள். இரண்டு பேருடைய செருப்பையும் குனிந்து எடுத்து அவரவர் காலடியில் வைத்தாள்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை இருங்கோ. நான் பிள்ளையைத் தனிய உள்ளை கூப்பிட்டுக் கதைக்கவேணும்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அவளோடை கதைக்க என்ன கிடக்கு?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.